வலையட்டையின் குறையும் இயக்கியின் காவலும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் கணிப்பொறியின் உள்ளுறுப்பைப் பற்றி எழுதப் புகுவது தன் எல்லை கடந்த செயல் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். யானும் அண்மைக்காலம் வரை அவ்வாறே கருதியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலுள்ள எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அக்கருத்தை மாற்றிற்று.

எம் பாட்டனார் தம் கைப்பட எழுதிய கீர்த்தனைப் புத்தகங்கள் மூன்று எம்மிடம் உள. தாள் பழுத்து, புரட்டினாலே ஒடியும் நிலையை அவை எய்தியிருந்தன. சிதம்பரத்தில் பொறியியல் பயிலும் என் தமையனார் விடுமுறைக்கு வந்தபொழுது, அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தோம். மூன்றாம் புத்தகத்தில் சில தாள்கள் படம் பிடித்த கையோடே பொடிந்துபோயின. அப்பக்கங்களுக்கு இனிப் படமே மூலம். ஆதலின் மடிக்கணினியில் இருந்த படங்களை வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியிலும் ஒரு படி வைத்துவிட வேண்டுமென்று இரண்டையும் கம்பியால் இணைத்தோம். சிறு செய்திகள் தடையின்றிச் சென்றன. படங்களை அனுப்பத் தொடங்கினாலோ, சிறிது நேரத்தில் எல்லாம் ஊமையாகிவிடும். இங்ஙனம் இரண்டு இரவுகள் கழிந்தன. அவ்விடர் எதனால் விளைந்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன். அவ்விரண்டு இரவுகளிலும், அவற்றின் பின்னரும், தமையனார் எனக்குக் கற்பித்தவையே இக்கட்டுரையின் பொருள்.

கணிப்பொறியினின்று செய்தியைக் கம்பிக்கு ஏற்றுவதும், கம்பியில் வருவதை உள்ளே இறக்குவதும் ஆகிய தொழிலுக்கென்று அமைந்த உறுப்பு நெட்வொர்க் கார்டு, வலையட்டை எனலாம். இது தானாக ஒன்றும் செய்யாது. எந்த நினைவகத்திலிருந்து எடுக்கவேண்டும், எப்பொழுது அனுப்பவேண்டும், வந்ததை எங்கே வைக்கவேண்டும் என்று ஏவுதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்நிரலுக்கு டிரைவர் என்று பெயர். 'டிரைவர்' என்றவுடன் நம்மவர்க்கு விருத்தாசலம் பேருந்தின் ஓட்டுநரே நினைவுக்கு வருவார். தமிழில் இதனை இயக்கி என்பர். எனக்கோ பாகன் என்னும் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகின்றது. யானையின் இயல்பும் ஊனமும் அறிந்து, அதற்கேற்ப நடத்துபவன் அவன். இடக்கால் நொண்டும் யானையை அவன் சரிவில் இறக்கான். காலை மாற்றுதல் அவனால் ஆகாது. வழியை மாற்றுதல் ஆகும்.

வலையட்டையின் உயிர்நிலை அதன்கண் உள்ள சில்லு. அச்சிட்ட நூலில் பிழை நேர்ந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். விற்ற படிகளுக்கும் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று அச்சிட்டு வழங்கலாம். சில்லிலோ சிலிக்கனில் ஒருமுறை அமைந்த பிழை அமைந்ததே. அடுத்து வார்க்கும் சில்லில் உற்பத்தியாளர் திருத்துவர். முன்னர் விற்றுப்போன பன்னூறாயிரம் அட்டைகள் உலகெங்கும் பிழையோடே ஓடிக்கொண்டிருக்கும். நேர்மையுடைய நிறுவனங்கள் 'எர்ரேட்டா' என்னும் பிழைப்பட்டியலை வெளியிடும். அதனை நோக்கி இயக்கியில் மாற்றுவழி வகுத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் கிட்டாதவிடத்துப் பட்டறிவே துணை.

இந்நிலை தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆயினும் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்று, ஏடெழுதினோர் பெரும்பாலும் அதனை விடுத்தே எழுதினர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேற்றுமையும் அவ்வாறே ஏட்டில் மறைந்தது. இது புலவரின் அறியாமையால் வந்த பிழையன்று. ஓலை என்னும் கருவியின் குறை. ஓலையைத் திருத்த இயலாமையால், கற்போன் பொருள் நோக்கிப் புள்ளியைத் தன் மனத்தே இட்டுப் படித்தான். எகர ஒகர நெடில்களுக்கு வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் வேறு வடிவம் காட்டினார். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அச்சுமையைச் சுமந்தவன் படிப்பவனே. வலையட்டையின் திறத்தில் அச்சுமையைச் சுமப்பது இயக்கி.

இனி உண்மை வரலாறு சில காண்போம். நாவெல் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் என்.இ. 2000 என்னும் அட்டையை வெளியிட்டது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 8390 வகைச் சில்லைக் கொண்டு அமைந்தது அது. அதனைப் பார்த்துப் பிறர் செய்த மலிவுப் படிகள் எண்ணிறந்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டதன் பின்னர், அதற்கு வலையட்டை இயக்கிகள் பலவற்றை எழுதியவர் டானல்டு பெக்கர் என்பார். இவரே தாமஸ் ஸ்டெர்லிங் என்பாரோடு 1994-இல் அமெரிக்க நாசாவின் காடர்டு மையத்தில், கடையில் விற்கும் பொதுவகைக் கணிப்பொறிகள் 16-ஐ ஒருங்கிணைத்துப் பெருங்கணிப்புக்கு உதவும் பியோவுல்ஃப் என்னும் அமைப்பைச் செய்தவர். மலிவான அட்டைகளை நம்பி அத்தகைய பெருவினை நடத்த வேண்டுமாயின் அவற்றின் குறைகளை முற்றும் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

8390 சில்லுக்கு ஒரு விந்தையான குறை உண்டு. அட்டையின் நினைவகத்தில் ஒன்றை எழுதுவதற்கு முன்னர், தேவையே இல்லாமல் எதனையாவது ஒருமுறை படித்துவிட வேண்டும். படியாது எழுதப் புகுந்தால் சிற்சில அட்டைகள் நின்றுவிடும். இதற்குச் சில்லைச் செய்த நிறுவனமே ஒரு மாற்றுவழி கூறியிருந்தது. அவ்வழி பயன்படவில்லை என்றும், கிரின்வர் என்னும் வேறொரு கூட்டத்தார் தம் நிரலில் கையாண்ட வழியையே தாம் கொண்டதாகவும் லினக்ஸ் இயக்கியில் ஒரு குறிப்பு உளது. ஆக்கியோன் கூறிய பொருளினும் உரையாசிரியர் கண்ட பொருளே நூலுக்குப் பொருந்திற்று என்பது போன்றது இது.

மற்றொரு குறையை நான் மிகவும் சுவைத்தேன். கம்பி வழியே வரும் செய்திகள் அட்டையிலுள்ள வட்டமான களஞ்சியத்தில் வரிசையாகச் சேரும். கணிப்பொறி அவற்றை எடுக்கத் தாமதித்தால் களஞ்சியம் நிரம்பி வழியும். அப்பொழுது இச்சில்லு நிலைதடுமாறும். அதனைத் தெளிவிக்க ஒரு சடங்கே நடத்த வேண்டும். முதலில் சில்லு ஏதேனும் அனுப்பிக்கொண்டிருந்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னர் நிற்கச் சொல்ல வேண்டும்; காத்திருக்க வேண்டும்; அனுப்பிக்கொண்டிருந்த செய்தி முடிந்ததா, இடையில் அறுந்ததா என்று ஆராய வேண்டும்; வெளியுலகத் தொடர்பை மறித்து, சில்லு தன்னோடு தானே பேசும் நிலையில் அதனைத் தொடங்கிக் களஞ்சியத்தை ஒழிக்க வேண்டும்; அதன் பின்னரே மறிப்பை நீக்கி, அறுந்த செய்தி இருந்தால் மீண்டும் அனுப்ப வேண்டும். இவற்றுள் 'காத்திருத்தல்' என்பதே நுட்பமானது. சில்லு நின்றுவிட்டதென்பதைக் காட்டும் ஓர் அடையாளம் சில்லிலேயே உண்டு. அதனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று முதலில் வெளிவந்த கையேடு கூறிற்று. பின்னர் வந்த கையேடோ, அவ்வடையாளம் நம்பத்தக்கதன்று, அதனைப் பொருட்படுத்தற்க என்றது. குறைந்தது 1.6 மில்லி செகண்டு காத்திருக்க வேண்டுமென்பது நிறுவனத்தின் கணக்கு. இயக்கி எழுதியவர் 10 மில்லி செகண்டு காத்திருந்தார். நம்பிக்கை ஒருமுறை பிழைத்தவிடத்து இத்துணை எச்சரிக்கை மிகையென்று சொல்வதற்கில்லை.

சில குறைகள் பிழை என்பதினும் கஞ்சத்தனம் எனத்தக்கன. ரியல்டெக் நிறுவனத்தின் 8139 என்னும் சில்லு, மலிவு காரணமாக 1990களின் இறுதி தொடங்கி உலகெங்கும் பரவியது. அனுப்பவேண்டிய செய்தி நினைவகத்தில் நான்கன் மடங்கான முகவரியில் தொடங்கினாலன்றி அஃது எடாது. ஆதலின் இயக்கி ஒவ்வொரு செய்தியையும் பொருத்தமான இடத்திற்குப் படியெடுத்தே அளிக்க வேண்டும். ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் இயக்குதளத்திற்கு இதன் இயக்கியை எழுதிய பில் பால் என்பார், நிரலின் தலைப்பிலேயே இச்சில்லின்மீது தமக்குள்ள வெறுப்பைப் பத்தி பத்தியாக எழுதிவைத்துள்ளார். வசைக்கவி பாடிய காளமேகம் இதனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இதனினும் நுண்ணியது பிராட்காம் நிறுவனத்தின் டைகான் 3 வகைச் சில்லுகளில் சிலவற்றுக்குரிய குறை. நினைவக முகவரிகளுக்குள் 4 கிகாபைட்டு, அதாவது 4294967296, என்பதோர் எல்லை. எல்லைக்கு இப்பாலுள்ள செய்தியையும் எடுக்கும், அப்பாலுள்ளதையும் எடுக்கும். எல்லையின் மீது பாதி இப்புறமும் பாதி அப்புறமுமாகக் கிடக்கும் செய்தியை எடுக்கத் தவறும். அத்தகைய செய்தி வருவது மிக அரிது. வரும்பொழுதோ காரணம் விளங்காமற் கெடும். லினக்ஸ் இயக்கி என் செய்கின்றது எனின், ஒவ்வொரு செய்தியும் எல்லையைத் தாண்டிக் கிடக்கின்றதா என்று கூட்டிப் பார்க்கின்றது. தாண்டினால் வேறிடத்தில் புதுப் படி ஒன்று எடுத்து அதனைச் சில்லுக்குக் காட்டுகின்றது.

எங்கள் கடலூர்க்காரர்க்கு இது மிக எளிதில் விளங்கும். முன்னாளில் முதுநகர்த் துறையில் ஆழம் போதாமையால் பெருங்கப்பல்கள் கரையை அணுகியதில்லை. வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. தோணிகள் சென்று சரக்கை இறக்கிக் கரை சேர்த்தன. தோணியால் காலமும் கூலியும் மிகுந்தது மெய். தோணியின்றேல் சரக்கே வந்திராது. படியெடுத்து அளிக்கும் இவ்விடை நினைவகமும் ஒரு தோணியே. ரியல்டெக் அட்டைக்குச் சரக்கனைத்தையும் தோணியில் ஏற்றவேண்டும். டைகானுக்கு எல்லையில் சிக்கியதை மட்டும் ஏற்றினால் போதும். நல்ல இயக்கி, குறையுடைய சில்லின் வகை எதுவென்று முதலிலேயே கேட்டறிந்து, தோணி வேண்டாதவர்க்குத் தோணிக்கூலி விதியாது.

மாற்றுவழியைக் கருத்தின்றிச் செய்தால் அதுவே கேடாகும் என்பதற்கும் சான்று உண்டு. ஈத்தர்நெட் முறையில் ஒரு செய்திச் சட்டம் 64 பைட்டுக்குக் குறையலாகாது. இறுதியிலுள்ள சரிபார்ப்பு 4 பைட்டு நீங்க 60 இருத்தல் வேண்டும். சிறு செய்தியாயின் எஞ்சிய இடத்தைச் சுழியங்களால் நிரப்ப வேண்டும். அட்டை தானே நிரப்பாதவிடத்து இயக்கி நிரப்பவேண்டும். இயக்கிகள் பல நீளத்தை மட்டும் 60 என்று காட்டிவிட்டு, நிரப்பாமல் வாளாவிருந்தன. விளைந்தது யாது? அவ்விடத்தில் முன்னர்க் கிடந்த பிறர் செய்தியின் துணுக்குகள் வால்போல ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சென்றன. ஓஃபிர் ஆர்க்கின், ஜாஷ் ஆண்டர்சன் என்னும் இருவர் 2003 ஜனவரியில் இதனை வெளிப்படுத்தினர். பழைய கடிதம் எழுதிய பலகையை அழியாது புதுக்கடிதம் எழுதி அனுப்பினாற் போன்றது இது.

இவ்வளவும் கேட்ட யான், "அண்ணா, அப்படியானால் எங்கே பழுது நேர்ந்தாலும் சில்லின்மேற் போட்டுவிடலாம் போலும்" என்றேன். "அவசரப்படாதே, தம்பி" என்று அவர் 2008-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கூறினார்.

அவ்வாண்டு செப்டம்பரில், வெளியிடப்படுவதற்கு முன்னிருந்த லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்பை ஓட்டிய சிலருடைய கணிப்பொறிகளில் இன்டெல் வலையட்டைகள் திடீரென மாண்டன. மீண்டும் தொடங்கினாலும் எழவில்லை. அட்டை தன் அடையாளத்தையும் அமைப்பையும் நிலையாக வைத்திருக்கும் சிறு நினைவகம் சிதைந்திருந்தது. குற்றம் அட்டையினதா, அதன் இயக்கியினதா, வேறெதனதா என்று பலரும் பலவாறு ஐயுற்றனர். காரணம் தெரியும் முன்னரே, இயக்கி எழுதுவோர் அந்நினைவகத்தில் எவரும் எழுதாதவாறு பூட்டிட்டனர். நோய் இன்னதென்று அறியாதபொழுதும் உயிர்நிலையைக் காப்பது மருத்துவன் கடன் என்ற முறையில் அது தக்க செயலே. அக்டோபரில் உண்மை வெளியாயிற்று. வலையட்டைக்கு ஒரு தொடர்பும் இல்லாத, நிரலின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பார்க்கும் எஃப்ட்ரேஸ் என்னும் பகுதி, முன்பு தனக்கு உரியதாயிருந்து பின்னர்க் கைமாறிய முகவரியில், கைமாறியதை அறியாது எழுதிவிட்டது. அவ்வீட்டில் அப்பொழுது குடியிருந்தது வலையட்டை! குடிபெயர்ந்த வீட்டுக்குப் பழைய சாவியோடு நுழைந்தவன் செய்த வினை அது. அடுத்து வந்த 2.6.27.1 திருத்தப் பதிப்பில் எஃப்ட்ரேஸின் அப்பகுதி முடக்கப்பட்டது.

2013-இல் நிகழ்ந்தது இதற்கும் விந்தை. கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்பார், இணையவழித் தொலைபேசித் தொழிலில் இருந்தவர், இன்டெல் 82574 வகை அட்டை அவ்வப்போது மடிவதைக் கண்டார். மின்சாரத்தை முற்றும் நிறுத்தித் தொடங்கினாலன்றி அஃது எழவில்லை. நெடுநாள் ஆராய்ந்து அவர் கண்டது: வரும் செய்தியில் 1151 என்னும் எண்ணுள்ள இடத்தில் ஒரு குறித்த எழுத்து வந்தால் அட்டை மடியும், வேறோர் எழுத்து வந்தால் ஒன்றும் நேராது, பிறிதோர் எழுத்து முதலில் வந்துவிட்டால், பின்னர்க் கொல்லும் எழுத்து வந்தாலும் அட்டை மடியாது. நச்செழுத்து, அமுத எழுத்து என்று பாட்டியல் நூல்கள் பேசுவதை நாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகின்றோம். இங்கே ஒரு சில்லு அதனை மெய்யென்று காட்டிற்று! இன்டெல் நிறுவனம் ஆராய்ந்து, சில்லில் பிழையில்லை என்றும், ஒரு பலகை உற்பத்தியாளர் அட்டையின் நிலை நினைவகத்தில் பதித்த அமைப்பு பிழையானது என்றும் கூறிற்று.

ஒருசாரார் வினவுவர்: இயக்கி எழுதுவோர் ஓயாது மூடி மறைத்துக்கொண்டேயிருந்தால், பழுதான சில்லைச் செய்தவர் என்று திருந்துவர்? இவ்வினாவில் நியாயம் உண்டு. விற்பவன் பிழைக்கு வாங்கியவன் அறியாமலே வேறொருவன் ஊதியமின்றி உழைக்கின்றான். எனினும் பழுது கண்டும் கைவிட்டால் துன்புறுவோர் மலிவு அட்டையை வாங்கிய ஏழை மாணவரேயன்றி, அதனைச் செய்த நிறுவனத்தார் அல்லர். ஆதலின் மாற்றுவழி செய்க. செய்ததை ஒளியாது, இன்ன சில்லின் இன்ன குறைக்காகச் செய்யப்பட்டது என்று பெயர் சுட்டி எழுதிவைக்க என்பதே என் துணிபு. பில் பால் அவர்களின் வசைப் பத்திகள் மறைந்திருந்த குறையை உலகறியச் செய்தன அன்றோ?

எழுதிவைத்தல் என்றவிடத்துத்தான் எங்கள் வீட்டு நிகழ்ச்சிக்குத் திரும்ப வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராய் இருந்தவர்கள். ஏடுகளில் பாடம் வேறுபட்டவிடத்துத் தமக்குப் பொருந்தாததென்று தோன்றியதையும் அழியாது, பிரதிபேதமாகக் கீழே காட்டுவது அவர்கள் பதிப்புகளின் வழக்கம். விளங்காத வரி வேண்டாத வரி என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. தமையனார் நாடோறும் நடமாடும் ஊரில் பணியாற்றிய பெரியாரின் இந்நெறியை, அவர் அவ்விரண்டாம் இரவில்தான் நினைவுகூர நேர்ந்தது.

நிகழ்ந்தது இதுவே. பழைய கணிப்பொறியின் வலையட்டை இயக்கியைத் தமையனார் பயிற்சிக்காகச் சில நாள் முன்னர்த் தாமே சீர்செய்திருந்தார். அதில் ஒரு வரி, அட்டைக்கு ஒரு கட்டளையை எழுதியவுடனே எழுதிய இடத்தை மீண்டும் படித்து, படித்ததை ஒன்றுக்கும் பயன்படுத்தாது எறிந்துவிட்டது. பயனற்ற வரி என்று அவர் அதனை நீக்கிவிட்டார். அருகில் காரணம் ஒன்றும் குறிக்கப்படவில்லை. எழுதிய கட்டளை உடனே அட்டையைச் சேர்வதில்லை; இடையே பாலமாயுள்ள சில்லில் சற்றுத் தங்கும்; சில பலகைகளில் முன்னது பின்னாகவும் மாறும். படிக்கும் கட்டளை ஒன்றை அதன் பின்னே அனுப்பினால், முன் எழுதியவை அட்டையைச் சேர்ந்த பின்னரே விடை வரும். எறிந்துவிடுவதற்காகப் படித்த அப்படிப்பே முறை காத்தது. சிறு செய்திகளுக்கு நெரிசல் இல்லாமையால் பழுது தோன்றவில்லை. ஆயிரம் பக்கப் படங்கள் அடுக்கடுக்காய் வந்தபொழுது வரிசை குலைந்து அட்டை நின்றது.

வரியைத் திரும்ப இட்டார். படங்கள் யாவும் விடியும் முன்னர்ச் சேர்ந்தன. பொடிந்துபோன தாள்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்துத் தெளிவாக உள்ளதா என்று இருவரும் பார்த்தோம். அம்மா காப்பி கொண்டுவந்தபொழுது, தமையனார் அவ்வரியின் மேல் ஒரு குறிப்பு எழுதவேண்டுமென்றும், தமிழ் படிக்கும் நீயே சொல்லென்றும் கூறினார். "இவ்வரி வீணன்று, நீக்கற்க. முன் எழுதிய கட்டளை அட்டையைச் சேர்தற்பொருட்டு இங்கே படிக்கப்படுகின்றது" என்றேன். நாளையும் தம் பெயரையும் சேர்த்து அவர் எழுதிக்கொண்டார்.